பெட்ரோல் ஸ்டேஷன், சேலைக் கடை, டியூஷன்: பகுதி நேர வேலைகளை சி.வி.யில் எப்படிப் போடுவது?

சுங்கைநிபோங்_பொண்ணு

வணக்கம். நான் பினாங்கு. கணக்கியல் பட்டப்படிப்பு முடித்துவிட்டேன், பட்டமளிப்பு விழாதான் பாக்கி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் நிதிப் பிரிவுக்கும் கோலாலம்பூரில் உள்ள ஷேர்ட் சர்வீஸ் (மற்ற கிளைகளின் கணக்கு வேலைகளை ஒரே இடத்தில் செய்து தரும்) நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். சி.வி. எழுத உட்கார்ந்தால் ஒரே குழப்பம்.

படிக்கும்போது செய்த வேலைகள் இவை. குளுகோரில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷன் கவுண்டர், சனி ஞாயிறு மட்டும், 2023 அக்டோபரிலிருந்து போன மாதம் வரை. அதற்கு முன் மூன்று தீபாவளிக்கு லெபோ பாசார் பக்கம் ஒரு சேலைக் கடை. நடுவில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் டியூஷன். இவை போக, ஒரு தணிக்கை நிறுவனத்தில் ஆறு மாதம் தொழிற்பயிற்சி.

அத்தை மகன் கே.எல்.லில் வங்கியில் இருக்கிறார். “பெட்ரோல் ஸ்டேஷன், சேலைக் கடையெல்லாம் எடுத்துவிடு, தொழிற்பயிற்சி மட்டும் போதும். இல்லாவிட்டால் படித்த பிள்ளையின் சி.வி. மாதிரியே இருக்காது” என்கிறார். தோழியோ “எல்லாவற்றையும் போடு, பக்கமாவது நிறையும்” என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

செந்தூல்காரன்

அத்தை மகன் பேச்சைத்தான். நான் படிக்கும்போது நாசி லெமாக் கடையில் நின்றேன். சி.வி.யில் போடவில்லை. வேலை கிடைத்தது. கதை முடிந்தது.

பங்சார்_எச்ஆர்

செந்தூல் தம்பி, போடாததால்தான் கிடைத்தது என்று எப்படித் தெரியும்? போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் கூப்பிட்டிருப்பார்களோ என்னவோ.

தங்கச்சி, நான் ஆள் எடுக்கும் பக்கம் இருப்பவள். ஷேர்ட் சர்வீஸ்தான். புதுப் பட்டதாரிகளின் சி.வி.க்கள் வந்து குவியும்போது எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதே பாடங்கள், ஏறத்தாழ அதே சி.ஜி.பி.ஏ., அதே ஆறு மாதத் தொழிற்பயிற்சி, இந்தியர் மன்றத்தில் ஒரு துணைப் பொருளாளர் பதவி. அவ்வளவு கூட்டத்தில், படித்துக்கொண்டே ஒரே இடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை பார்த்த பிள்ளை என்றால் நான் நின்று படிப்பேன். சனிக்கிழமை காலையில் எழுந்து வேலைக்குப் போய்ப் பழகியிருக்கிறது, காசைத் தொட்டிருக்கிறது, கோபக்கார வாடிக்கையாளரைப் பார்த்திருக்கிறது. மேலாளர் இரண்டு வருடமாக அதை வைத்துக்கொண்டிருந்தார் என்பதே ஒரு சான்றிதழ்தான்.

ஆனால் பெரும்பாலானவர்கள் எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? “காசாளர். வாடிக்கையாளர்களுக்குச் சேவை வழங்கினேன். குழுவாகப் பணியாற்றினேன். நேர மேலாண்மை கற்றுக்கொண்டேன்.” இதைக் கவுண்டர் பக்கமே போகாதவர்கூட எழுதலாம். இப்படி எழுதுவதாக இருந்தால் அத்தை மகன் சொன்னபடி எடுத்துவிடுவதே மேல்.

அதனால் முதலில் எனக்குப் பதில் சொல்லுங்கள். ஷிப்ட் முடியும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? காசை யார் எண்ணுவார்கள்? குறைந்தால் என்ன நடக்கும்? சி.வி.யை மறந்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வது போலச் சொல்லுங்கள்.

சுங்கைநிபோங்_பொண்ணு

நன்றி அக்கா. சொல்கிறேன்.

ஷிப்ட் தொடங்கும்போது பெட்டியில் 300 வெள்ளி (ரிங்கிட்) சில்லறை இருக்கும். எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். முடியும்போது அந்த 300-ஐ எடுத்து வைத்துவிட்டு மீதி ரொக்கம் தனி, கார்டு இயந்திரத்தின் செட்டில்மெண்ட் சீட்டு தனி, டூயிட்நவ் கியூஆரில் கைப்பேசி வழியாகக் கட்டியது தனி. எல்லாவற்றையும் கூட்டி பி.ஓ.எஸ். (விற்பனையைப் பதியும் இயந்திரம்) அறிக்கையோடு வைத்துப் பார்க்க வேண்டும். சில காசு வித்தியாசம் எப்போதும் இருக்கும். பில்லை 5 காசுக்கு வட்டமாக்குகிறோம் இல்லையா, அதற்கு அறிக்கையில் தனி வரி உண்டு. அதைவிடப் பெரிதாக வந்தால் தேட வேண்டும்.

அநேகமாக இரண்டு காரணம்தான். வாடிக்கையாளர் 50 வெள்ளி முன்பணம் கட்டியிருப்பார், டேங்க் 43 வெள்ளியிலேயே நிரம்பியிருக்கும், மீதியை வாங்காமல் வண்டியை எடுத்திருப்பார். அல்லது கியூஆரில் கட்டியதை அவசரத்தில் ரொக்கம் என்று அடித்திருப்போம். அப்போது ரொக்கத்தில் குறையும், கியூஆரில் கூடும். இரண்டும் ஒரே தொகையாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். கடந்த ஒரு வருடமாகக் காசை எண்ணி உறையில் போட்டுப் பெட்டகத்தில் வைப்பதும் என் பொறுப்புதான்.

மற்றபடி சாதாரண வேலைதான். செப்டம்பர் கடைசியில் புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்தபோது மட்டும் கொஞ்சம் திண்டாட்டம். மைகார்டை, அதாவது அடையாள அட்டையை, செருகினால் லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைக்கும் என்பதைப் பெரியவர்களுக்குப் புரியவைக்க வேண்டும். பின்னால் வரிசை நிற்கும். தமிழ், மலாய், எனக்குத் தெரிந்த அரைகுறை ஹாக்கியென் சீனம், எல்லாவற்றையும் கலந்தடித்துப் பேசுவோம்.

பங்சார்_எச்ஆர்

“மற்றபடி சாதாரண வேலைதான்.” இந்த ஒரு வரிக்காகவே உங்களைத் திட்ட வேண்டும்!

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்கு வருகிற புதியவர்கள் முதல் ஆறு மாதம் செய்யும் வேலை என்ன? ஒரு பக்கம் வங்கி அறிக்கை, மறு பக்கம் நம் பதிவேடு. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுவது. நீங்கள் அதைத்தான் கவுண்டரில் நின்றபடி வாராவாரம் செய்திருக்கிறீர்கள். கியூஆரை ரொக்கமாக அடித்துவிட்டால் ஒன்றில் குறைந்து மற்றதில் அதே தொகை கூடும் என்றீர்களே, அதை நேர்காணலில் அப்படியே சொல்லுங்கள். பாடப்புத்தகத்தை ஒப்பிக்கிற பத்துப் பேரைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

சரி, எழுதும் முறைக்கு வருவோம். சி.வி. ஆங்கிலத்தில்தான் போகும். விஷயத்தை மட்டும் தமிழில் தருகிறேன், வாக்கியத்தை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.

பகுதி நேரக் காசாளர், பெட்ரோல் நிலையம், குளுகோர். 2023 அக்டோபர் முதல் 2025 டிசம்பர் வரை, வாரம் சுமார் 16 மணி நேரம், முழு நேரப் படிப்போடு சேர்த்து.

அதன் கீழே மூன்றே வரி. ஷிப்ட் முடிவில் ரொக்கம், கார்டு, கியூஆர் வசூலை பி.ஓ.எஸ். அறிக்கையோடு ஒத்துப்பார்த்து வித்தியாசத்துக்குக் காரணம் கண்டுபிடித்தது முதல் வரி. காசைப் பெட்டகத்தில் வைக்கும் பொறுப்பு தரப்பட்டது, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது இரண்டாவது. புடி95 தொடங்கிய வாரங்களில் மூன்று மொழிகளில் வாடிக்கையாளருக்கு நடைமுறையை விளக்கியது மூன்றாவது. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று உண்மையாகத் தெரிந்தால் எண்ணைப் போடுங்கள். தெரியாவிட்டால் வேண்டாம். “விற்பனையை 30 சதவீதம் உயர்த்தினேன்” என்று ஒரு மினிமார்ட் பகுதி நேரப் பையன் எழுதி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். எப்படி உயர்த்தினாய் என்று கேட்டதும் பையன் மேசையைப் பார்த்தான், நானும் மேசையைப் பார்த்தேன்.

“பகுதி நேரம்” என்பதை வேலைப் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள். அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் ஒளிக்க வேண்டாம்.

பிறை_பெரியவர்

எச்.ஆர். அம்மா சொல்வதில் பாதிக்கு நான் சம்மதம். மீதிப் பாதிக்கு இல்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே சி.வி. முதலில் எச்.ஆரிடம் போகும், ஆனால் முடிவெடுப்பவர் நிதி மேலாளர். அவருக்கு நேரமில்லை. அவர் கண் தேடுவது என்ன மென்பொருள் தெரியும், மாதாந்திரக் கணக்கு முடிப்பில் உட்கார்ந்திருக்கிறதா, ஸ்டாக் எண்ணப் போயிருக்கிறதா, இவைதான். பெட்ரோல் ஸ்டேஷனை மேலே ஏற்றித் தணிக்கை நிறுவனத்தைக் கீழே தள்ளினால் அவர் கீழே வரையில் படிக்கவே மாட்டார்.

ஆகவே தொழிற்பயிற்சிதான் முதலில், அதற்குத்தான் அதிக இடம். எஸ்.கியூ.எல். அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட், எஸ்.ஏ.பி., எதைத் தொட்டிருந்தாலும் பெயர் சொல்லி எழுது மகளே. வாடிக்கையாளர் கிடங்குக்குப் போய் ஸ்டாக் எண்ணியிருந்தால் அதையும் எழுது. பெட்ரோல் ஸ்டேஷன் அதற்கப்புறம் வரட்டும். எடுக்கச் சொல்லவில்லை, வரிசையைத்தான் சொல்கிறேன்.

பங்சார்_எச்ஆர்

ஐயா, தொழிற்சாலை நிதிப் பிரிவுக்கு நீங்கள் சொல்வதே சரி, மறுப்பில்லை. ஷேர்ட் சர்வீஸில் வாடிக்கையாளரோடு போனில் பேசும் கணக்கு வேலைகள் இருக்கின்றன, பாக்கி வசூல் மாதிரி. அதற்கு விண்ணப்பிக்கும்போது கவுண்டர் அனுபவத்துக்கும் சம இடம் கொடுக்கலாம் என்பதுதான் என் வாதம். இரண்டு சி.வி. வைத்துக்கொள்ளட்டும். தகவல் ஒன்றுதான், வரிசையும் அளவும் மட்டும் மாறும்.

தலைப்பையும் பிரித்துக்கொள்ளலாம். “துறைசார் அனுபவம்” என்று தொழிற்பயிற்சி, “பிற வேலை அனுபவம்” என்று பெட்ரோல் ஸ்டேஷனும் மற்றவையும். அப்படிச் செய்தால் தேதி வரிசை இடிக்காது. எல்லாம் ஒரே தலைப்பில் இருந்தால் அண்மையில் முடிந்த வேலைதான் மேலே வர வேண்டும், அப்போது டிசம்பர் வரை போன பெட்ரோல் ஸ்டேஷன் தானாக முதலில் வந்து உட்கார்ந்துவிடும், ஐயாவுக்குக் கோபம் வரும்.

பிறை_பெரியவர்

கோபமெல்லாம் இல்லை. அந்த இரண்டு தலைப்பு யோசனை நன்றாக இருக்கிறது.

கெப்போங்_கிங்

எதற்கு இவ்வளவு சுற்றிவளைப்பு? “பகுதி நேரம்” என்ற சொல்லையே எடுத்துவிட்டு “காசாளர், 2023–2025” என்று போட்டால் இரண்டு வருட அனுபவம் ஆகிவிடும். அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு யார் போன் போட்டு விசாரிக்கப் போகிறார்கள்? ஜாப்ஸ்ட்ரீட் வேலைத் தளத்தில் “அனுபவ ஆண்டுகள்” என்று கேட்கிற கட்டத்தில் 2 என்று போட்டால்தான் வடிகட்டியில் தேறும்.

பங்சார்_எச்ஆர்

போன் போட வேண்டிய அவசியமே இல்லை தம்பி. வேலை கொடுக்கும் முன் கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) அறிக்கை கேட்கிற நிறுவனங்கள் நிறைய. அதில் மாதாமாதம் எந்த முதலாளி எவ்வளவு கட்டினார் என்று அச்சடித்தாற்போல இருக்கும். பகுதி நேர ஊழியருக்கும் கே.டபிள்யூ.எஸ்.பி. கட்டத்தான் வேண்டும். ஊழியர் பங்கு 11 சதவீதம், 5,000 வெள்ளிக்குள் சம்பளம் என்றால் முதலாளி பங்கு 13. மாதம் 600 வெள்ளிக்கான பங்கைப் பார்க்கிறவருக்கு அது முழு நேர வேலை இல்லை என்று தெரியாதா? அந்த நிமிடத்தில் தங்கச்சி உண்மையாகச் செய்த வேலைக்கும் மதிப்புப் போய்விடும். சேர்ந்த பிறகு தெரிந்தால் பணிநீக்கம் வரை போகும். விண்ணப்பப் படிவத்தின் அடியில் “நான் தந்த விவரங்கள் உண்மை” என்று கையெழுத்து வாங்குவது சும்மா இல்லை.

அதிலும் இந்த விஷயத்தில் பொய்க்கு அவசியமே இல்லை. படித்துக்கொண்டே செய்தது என்பதுதான் இந்த வேலையின் பெருமையே. பகுதி நேரம் என்பதை எடுத்துவிட்டால், முழு நேரம் வேலை பார்த்துக்கொண்டு எப்படிப் பட்டம் வாங்கினாய் என்று புதுக் கேள்வி வரும்.

கணக்கு_வாத்தி

கெப்போங் ராஜாவுக்கு ஒரு சின்னக் கணக்கு. வாரம் 16 மணி நேரம், ஒரு வருடத்துக்கு 52 வாரம் என்றால் 832 மணி. வேலைச் சட்டப்படி முழு நேர வாரத்துக்கு உச்சம் 45 மணி (2023 ஜனவரிக்கு முன் 48). 832-ஐ 45-ஆல் வகுத்தால் பதினெட்டரை வாரம். ஆக ஒரு வருடப் பகுதி நேரம் என்பது நாலு மாதம் சொச்சம். 2023 அக்டோபரிலிருந்து 2025 டிசம்பர் வரை 27 மாதம், அது முழு நேரக் கணக்கில் பத்து மாதத்துக்குக் கொஞ்சம் கீழே. தேர்வு வாரங்களில் லீவு எடுத்திருந்தால் அதுவும் குறையும். “அனுபவ ஆண்டுகள்” கட்டத்தில் “புதிய பட்டதாரி” அல்லது “ஒரு வருடத்துக்குக் கீழ்”. வேறு பதில் இல்லை.

இன்னொன்று. 2010-ஆம் ஆண்டு பகுதி நேர ஊழியர் ஒழுங்குமுறைப்படி, அதே வேலையை முழு நேரம் செய்பவரின் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல், 70 சதவீதம் வரை செய்தால்தான் பகுதி நேர ஊழியர். 45-க்கு 16 என்றால் 35 சதவீதத்துக்கு மேல். தங்கச்சி சட்டப்படியே பகுதி நேர ஊழியர்தான், தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

கெப்போங்_கிங்

சரி சரி, விட்டுவிடுங்கள். நான் சும்மா கேட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ்_ரைடர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கதையும் இதே மாதிரிதான், ஆனால் எனக்கு முதலாளியே இல்லை. டிப்ளோமா படித்த காலம் முழுக்க மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி. இப்போது லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கிறேன்.

போன மாதம் ஒரு இடத்தில் நேர்காணல். எதிரே உட்கார்ந்தவர் என் சி.வி.யைப் பார்த்துச் சிரித்துவிட்டு “இது வேலையா, பாக்கெட் மணியா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. “வீட்டு வாடகையில் பாதி இதில்தான் போனது சார்” என்றேன். அப்புறம் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, கூப்பிடவும் இல்லை. எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பங்சார்_எச்ஆர்

எடுக்காதீர்கள். அந்த மனிதர் எப்படியும் உங்களுக்கு நல்ல மேலாளராக இருந்திருக்க மாட்டார்.

லாஜிஸ்டிக்ஸுக்குப் போகிற ஆளுக்கு டெலிவரி அனுபவம் துறைசார் அனுபவமேதான். “சுயதொழில், பகுதி நேர உணவு விநியோகம், கோலாலம்பூர்” என்று எழுதுங்கள். எந்த வட்டாரம், எந்த நேரம், ஆப்பில் உங்கள் மதிப்பெண் என்ன, மொத்தம் எத்தனை ஆர்டர் முடித்தீர்கள், இவை உங்கள் கணக்கிலேயே இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், கணக்கு முடங்கினால் அதுவும் போய்விடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பங்சாரிலிருந்து மிட் வேலி பக்கம் எந்தப் பாதையில் போகக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும், பட்டம் வாங்கிய லாஜிஸ்டிக்ஸ் பிள்ளை பலருக்குத் தெரியாது. ஒரே சமயத்தில் இரண்டு ஆர்டர் வந்தால் எதை முதலில் எடுப்பீர்கள், ஏன்? அதைப் பேசுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_ரைடர்

அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன் அக்கா. சமையல் மெதுவாக நடக்கும் கடை எது, கூப்பிட்டாலும் இறங்கி வராத காண்டோ எது, அடையாள அட்டை கேட்டு நிறுத்தும் காவலர் அறை எது, எல்லாம் மனப்பாடம். முதலாளி இல்லாததால் ஆதாரம் கேட்டால் என்ன செய்வது?

கணக்கு_வாத்தி

சுயதொழிலாளருக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சட்டம் 789 என்பார்கள், பெர்கேசோவுக்கு (சமூகப் பாதுகாப்பு அமைப்பு) சந்தா கட்டியிருப்பீர்கள் அல்லவா? அந்தச் சந்தா அறிக்கை ஒரு ஆதாரம். வங்கிக் கணக்கில் வாராவாரம் வந்த பணம் இன்னொன்று. இவற்றை சி.வி.யோடு அனுப்ப வேண்டாம், கேட்டால் காட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

புக்கிட்மெர்தாஜாம்_டீச்சர்

டியூஷனைப் பற்றி யாரும் பேசவில்லையே. யூ.பி.எஸ்.ஆர். (ஆறாம் ஆண்டுத் தேர்வு) 2021-இல் போனது, டியூஷன் மட்டும் போகவில்லை! எத்தனை பிள்ளைகள், எந்த ஆண்டு, எந்தப் பாடம், எத்தனை மாதம் என்று ஒரே வரியில் எழுதுங்கள் போதும். கணக்கியல் வேலைக்கு அதற்கு மேல் தேவையில்லை. பிள்ளைகளின் பெயரையோ பள்ளியின் பெயரையோ போடாதீர்கள்.

சுங்கைநிபோங்_பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரியே எழுத ஆரம்பித்துவிட்டேன். இன்னும் சில சந்தேகங்கள்.

சேலைக் கடையில் சம்பளச் சீட்டு, கே.டபிள்யூ.எஸ்.பி. எதுவும் கிடையாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மூன்று நாலு வாரம்தான். கையில் காசு கொடுத்தார்கள். போடலாமா?

ஜாப் படிவத்தில் “கடைசியாக வாங்கிய சம்பளம்” என்று கேட்கிறார்கள். பெட்ரோல் ஸ்டேஷன் சம்பளத்தைப் போட்டால் சிரிப்பார்களே?

பரிந்துரைப்பவர் இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் விரிவுரையாளர். இன்னொருவர் ஸ்டேஷன் மேலாளரா, தணிக்கை நிறுவனத்து சூப்பர்வைசரா?

செந்தூல்காரன்

சேலைக் கடையை இப்போதாவது எடுத்துவிடு தங்கச்சி. ப்ளீஸ்.

பங்சார்_எச்ஆர்

செந்தூல் தம்பிக்கு இந்த முறை அரை மதிப்பெண். தொழிற்சாலைக்குப் போகிற சி.வி.யில் சேலைக் கடை வேண்டாம், இடம் வீண். ஷேர்ட் சர்வீஸுக்குப் போகிற சி.வி.யில் ஒரே வரி: “தீபாவளிக் கால விற்பனை உதவியாளர், லிட்டில் இந்தியா, ஜார்ஜ்டவுன், மூன்று பருவங்கள்.” அதே முதலாளி மூன்று வருடம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார் என்பதுதான் அந்த வரியின் வேலை. விளக்கம் எதுவும் தேவையில்லை. சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை, நடந்த வேலைதானே, கேட்டால் ரொக்கமாகத் தந்தார்கள் என்று சொல்லுங்கள்.

சம்பளக் கட்டத்தில் மாதத் தொகையை மட்டும் போடாதீர்கள். 600 என்று போட்டால் அதைப் பிடித்துக்கொண்டு “முன்பு 600 வாங்கிய பிள்ளைக்கு இது பெரிய ஏற்றம்தானே” என்று பேசுகிற இடங்களும் உண்டு. மணிக்கணக்கில் எழுதுங்கள், பக்கத்தில் பகுதி நேரம் என்று போடுங்கள். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் ஆன பிறகு மணிக்கு 8.72 வெள்ளிதான் அடிமட்டம், அதைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. எண் மட்டும்தான் ஏற்கும் கட்டம் என்றால் 0 போட்டுவிட்டுக் குறிப்புப் பகுதியில் விளக்கலாம். எதிர்பார்க்கும் சம்பளத்துக்கும் பழைய சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது அந்தப் பதவியின் சந்தை விலையைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

பரிந்துரைக்குத் தணிக்கை சூப்பர்வைசர்தான். படிவத்தில் மூன்றாவது இடம் இருந்தால் ஸ்டேஷன் மேலாளர். யாராக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு பையனுக்காக நான் ஒரு கடை முதலாளியைக் கூப்பிட்டேன். “அவனா? நல்ல பையன், நல்ல பையன்” என்று சொல்லிவிட்டு, எனக்கு எவ்வளவு சாம்பார் பொட்டலம் வேண்டும் என்று கேட்டார். ஆர்டருக்கான போன் என்று நினைத்துவிட்டார்.

பிறை_பெரியவர்

சாம்பார் வாங்கினீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

மகளே, இன்னும் இரண்டு விஷயம். சி.வி.யில் அடையாள அட்டை எண், அப்பா அம்மா தொழில் எல்லாம் போடும் பழக்கம் எங்கள் காலத்தோடு போகட்டும். எத்தனை கை மாறும் என்று தெரியாத காகிதத்தில் ஐ.சி. எண் எதற்கு? வேலை உறுதியானதும் அவர்களே கேட்டு வாங்குவார்கள். மொழிகளில் தமிழைப் போடு. ஆனால் ஹாக்கியெனுக்கு நீ மேலே எழுதினாயே, “அரைகுறை”, அதே அளவில் போடு. பாயான் லெப்பாஸில் நேர்காணல் செய்கிறவர் பினாங்குக்காரராக இருந்தால் இரண்டு வாக்கியம் பேசிப் பார்ப்பார்.

சுங்கைநிபோங்_பொண்ணு

பாட்டா, “எளிய உரையாடல்” என்று போட்டிருக்கிறேன். அதுவே கொஞ்சம் அதிகம்தான்.

தொழிற்சாலைக்கான வடிவம் முடிந்தது. ஒரே பக்கம். பெட்ரோல் ஸ்டேஷன் மூன்று வரி, டியூஷன் ஒரு வரி, சேலைக் கடை இல்லை. அத்தை மகனுக்கு அனுப்பினேன். “பெட்ரோல் ஸ்டேஷனைப் பெரிய வேலை மாதிரி எழுதியிருக்கிறாயே” என்கிறார். அது பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை.

கணக்கு_வாத்தி

எழுதியதில் பொய் ஏதாவது இருக்கிறதா என்று அவரையே கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_ரைடர்

இப்போதே அனுப்பலாமா, சீனப் பெருநாள் கழியட்டுமா? எங்கள் வீட்டில் தைப்பூசம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பங்சார்_எச்ஆர்

இப்போதே அனுப்புங்கள், இரண்டு பேரும். பெருநாள் போனஸ் கைக்கு வந்ததும் எங்கள் பக்கம் ராஜினாமாக் கடிதங்கள் வரும், மார்ச்சில் காலி இடம் நிறைய இருக்கும். அந்த நேரத்தில் கைவசம் இருக்கும் சி.வி.க்களைத்தான் முதலில் எடுப்போம். பிப்ரவரியில் பதில் வரவில்லை என்றால் மனம் விட வேண்டாம், பாதி அலுவலகம் பாலிக் கம்போங் என்று சொந்த ஊருக்குப் போயிருக்கும்.

தங்கச்சி, ஸ்டேஷன் மேலாளரிடம் 2025-க்கான இ.ஏ. படிவம் (வருடச் சம்பள விவரம்) கேட்டு வாங்குங்கள். பிப்ரவரி முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும், பகுதி நேரம் என்றாலும். வேலையை விட்டு நின்றவர்களுடையதை மறந்துவிடுவார்கள், நீங்கள்தான் நேரில் போய் நிற்க வேண்டும். போகிற போக்கில் “உங்கள் பெயரைப் பரிந்துரைக்குப் போட்டிருக்கிறேன்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, எந்த எண்ணில் கூப்பிட்டால் எடுப்பார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கவுண்டர் எண்ணைப் போட்டீர்களானால் புதுப் பையன் எடுத்து “யார் அது?” என்பான்.

சுங்கைநிபோங்_பொண்ணு

அந்தப் புதுப் பையனுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன் அக்கா, அப்படிச் சொல்ல மாட்டான். ஆனாலும் மேலாளரின் கைப்பேசி எண்ணையே வாங்கிக்கொள்கிறேன். சனிக்கிழமை போகிறேன்.